எலும்பை அளந்தவர்களும் ஏட்டில் எழுதியவர்களும்

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் (கி.பி. 985–1014) பொறித்த கல்வெட்டுகள், கோயிலுக்கு வழங்கப்பெற்ற ஊர்களில் இறை நீங்கிய நிலங்களை வரிசையாகக் கணக்கிடுகின்றன. ஊர்நத்தம், குளம், வாய்க்கால் ஆகியவற்றோடு பறைச்சேரியும் அங்கே இடம்பெறுகிறது. பறைச்சுடுகாடு எனத் தனியே ஒரு சுடுகாடும் குறிக்கப்படுகிறது. காவிரி பாயும் நெல்வயல் நாட்டில் மாண்ட பின்னரும் சேரி வேறாகவே நின்றது என்பதற்கு ஆயிரமாண்டுச் சான்று இதுவாகும். இறந்தார் உடலுக்குரிய இடத்தை வகுக்கும் அதிகாரம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அருங்காட்சியகத்துக்குள்ளும் புகுந்தது.

1876ஆம் ஆண்டில் பெர்லினைச் சேர்ந்த டாக்டர் யாகோர், பொருநைக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் தாழிகளைத் தோண்டி, மண்டையோடுகளையும் எலும்புகளையும் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார். அலெக்சாந்தர் ரீ என்பவர் 1899 முதல் 1905 வரை அங்கு அகழ்ந்தெடுத்த பொருள்கள் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. உடைந்த மண்டையோடு அளவைக்கு உதவாது. ஆதலின் முழுமையாகக் கிடைத்த மிகச் சிலவற்றைக் கொண்டே, பழந்தமிழர் இன்ன இனத்தவர் என்று பெயர் சூட்டத் துணிந்தனர்.

இறந்தாரோடு அளவை நிற்கவில்லை. 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், உயிரோடிருந்த மக்களின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்தார். 1909இல் தென்னாட்டுச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மூக்கு அகல அகலச் சாதியின் தகுதி தாழும் என்று ரிஸ்லி என்னும் ஆங்கில அதிகாரி கோட்பாடே வகுத்தார்.

இத்தகைய தொகுப்புகளில் எவருடைய எலும்புகள் சேரும் என்பதை நம் இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். எரியூட்டப்பட்டோர் எலும்பு மண்ணில் முழுமையாகத் தங்குவதில்லை. புதைக்கப்பட்டோர் எலும்பே பெரும்பாலும் முழுமையாக எஞ்சுகிறது. தட்டிக் கேட்க ஆளில்லாத ஏழையின் உடலே எளிதில் பிறர் கைக்குப் போகிறது. 1985இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை, நம் நாட்டு ஏழைகளின் எலும்புக்கூடுகள் மேலை நாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு விலைப்பொருளாகச் சென்றன. எனவே ஓர் அருங்காட்சியகத்தின் எலும்பு வரிசை மனித குலத்தின் முழுப் படம் ஆகாது. சேகரித்தவரின் கை எட்டியவர்களின் படமே ஆகும்.

அளவைகளை அளவைகளாலேயே மறுத்தவர் அண்ணல் அம்பேத்கர். 1948இல் தீண்டப்படாதார் பற்றி வெளியிட்ட நூலில், மூக்களவைப் புள்ளிகளையே எடுத்து ஆராய்ந்து, பிராமணரும் தீண்டப்படாதாரும் ஒரே இனத்தவர் என்றும், தீண்டாமைக்கு இன வேறுபாடு காரணமன்று என்றும் நிறுவினார். அதற்கு முன்னரே பிரான்சு போவாசு என்ற அறிஞர், அமெரிக்காவில் குடியேறியோரின் பிள்ளைகளுக்குத் தலையின் வடிவமே மாறுபடுவதைக் கண்டு, அது மாறாத இன அடையாளம் அன்று எனக் காட்டியிருந்தார்.

காலம் மெல்ல மாறி வருகிறது. இலங்கை வேடர்களின் ஒன்பது மண்டையோடுகளை எடின்பரோ பல்கலைக்கழகம் 2019இல் அவர்தம் தலைவரிடமே ஒப்படைத்தது. உரியவர் கேட்டால் பெறலாம் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

கேட்பதற்குக் கல்வி வேண்டும். கண்ணாடிப் பேழையின் முன் நிற்கும் நம் பிள்ளைகள், ‘இவர் யார்? இவரை எடுத்தவர் யார்? யாருடைய இசைவு பெற்று எடுத்தனர்?’ என வினவ வேண்டும். கல்வெட்டியலும் மானிடவியலும் பயின்று, விடையையும் அவர்களே எழுத வேண்டும். நம்மைப் பிறர் அளந்தது போதும். நம் வரலாற்றை இனி நாமே எழுதுவோம்.