திபெத்தியக் கைக்கயிறு: ஆசியும் வியாபாரமும்

கையால் பின்னிய, பல நிறக் கைக்கயிறுகள் ‘திபெத்தியக் காப்பு’ என்ற பெயரில் இணையத்தில் விற்கப்படுகின்றன. அணிந்தால் அதிர்ஷ்டம் வரும் என்கின்றன விளம்பரங்கள். திபெத்தியர்கள் அந்தக் கயிற்றுக்குக் கொடுக்கும் பொருள் வேறு.

அவர்களுடைய மரபுக் கயிற்றின் பெயர் ‘சுங்டு’. காக்கும் முடிச்சு என்று அர்த்தம். பெரும்பாலும் சிவப்பு நூல். லாமா ஒருவர் மந்திரம் ஓதி, நடுவில் முடிச்சிட்டு, அதன்மேல் ஊதிக் கொடுப்பார். கழுத்திலோ மணிக்கட்டிலோ கட்டிக்கொள்வார்கள். பழசாகி அறுந்தாலும் கால்படும் இடத்தில் போடமாட்டார்கள். பயந்த பிள்ளைக்கு நூல் ஓதிக் கட்டும் வழக்கம் எங்களிடமும் உண்டு. சிங்கள பௌத்தர்களிடம் பிரித் நூல் இருக்கிறது.

சந்தைக்கு வரும் பின்னல் கயிறு அலங்காரப் பொருள். ஆனாலும் அதன் நிறங்களும் வடிவங்களும் மரபிலிருந்து வந்தவை. பிரார்த்தனைக் கொடிகளில் உள்ள ஐந்து நிறங்களும் ஐம்பூதங்களைக் குறிக்கும்: நீலம் ஆகாயம், வெள்ளை காற்று, சிவப்பு நெருப்பு, பச்சை நீர், மஞ்சள் நிலம். சில கயிறுகளில் காணப்படும் ‘முடிவிலா முடிச்சு’ எட்டு மங்கலச் சின்னங்களில் ஒன்று. தொடக்கமும் முடிவும் தெரியாத அந்தக் கோடு, எல்லாமே ஒன்றையொன்று சார்ந்து நிற்பதைக் காட்டுகிறது. மணிமேகலை சொல்லும் பன்னிரு சார்புகளின் அடிப்படையும் அதுவே.

1959 இல் லாசாவில் எழுச்சி அடக்கப்பட்டபோது தலாய் லாமா இந்தியாவுக்குத் தப்பிச் சென்றார். அவரைத் தொடர்ந்து பல்லாயிரக்கணக்கானோர் இமயமலையைக் கடந்தனர். அதே ஆண்டில் டார்ஜிலிங்கிலும், 1960 இல் நேபாளத்தின் ஜாவலாக்கேலிலும் அகதிகளுக்கான கைவினை நிலையங்கள் தொடங்கின. கம்பளம் நெய்து அவர்கள் பிழைத்தார்கள். நிலம் போன பின் கையில் மிஞ்சிய தொழில் அது.

என்னை உறுத்துவது இதற்குப் பிறகு நடப்பதுதான். இன்று யாரும் எங்கும் பின்னிய கயிற்றையும் ‘துறவி மந்திரம் ஓதிப் பின்னியது’ என்று விற்கமுடியும். அகதியின் கதைக்கு விலை கிடைக்கிறது. அகதிக்குக் கூலி கிடைக்கிறதா? போரில் கணவனை இழந்த பெண்கள் செய்யும் பனையோலைப் பொருட்களை வாங்கும்போதும் நாங்கள் கேட்கவேண்டிய கேள்வி இது.

கயிறு அழகாக இருந்தால் தாராளமாக அணியுங்கள். வாங்குமுன் மூன்றைக் கேளுங்கள்: யார் பின்னினார்கள், எங்கே பின்னினார்கள், விலையில் அவர்களுக்கு எவ்வளவு போகிறது. பதில் சொல்லாமல் அதிர்ஷ்டத்தை மட்டும் பேசும் கடையை நான் நம்பமாட்டேன்.