பிஸ்டன் தலையில் ஒரு குழிவு: பி-தொடர் எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறித்து

பழைய கார் எஞ்சின்களைப் பற்றிப் பேசும்போது ஒரு கருத்து அடிக்கடி காதில் விழும்: கம்ப்ரெஷன் (அமுக்கம்) கூடியது வலுவான எஞ்சின், குறைந்தது சோகையானது, இரண்டையும் பிரிப்பது பிஸ்டன். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-தொடரை ஆராய்ந்தால் இது பாதி உண்மை என்றே தெரிகிறது. அம்பாசடர் வழியாக நமக்கு அறிமுகமான 1489 சி.சி. எஞ்சினும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பிஸ்டன் தலையின் குழிவை வலுக்குறைப்பாகக் கொள்வதைவிட, சிலிண்டரின் துளை பெருகும்போது தானே ஏறும் அமுக்கத்துக்கு இட்ட கடிவாளமாகக் கொள்வதே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அமுக்க விகிதம் இரண்டு கொள்ளளவுகளின் உறவு. பிஸ்டன் அடியில் இருக்கும்போது அதற்கு மேலுள்ள மொத்த இடத்தை, அது உச்சிக்கு வந்தபின் எஞ்சும் இடத்தால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். பி-தொடரின் விளையாட்டுக் கார் வரிசையில் பிஸ்டனின் வீச்சு 88.9 மி.மீ. என்று மாறாமலே நின்றது, துளைதான் வளர்ந்தது. 1955இன் எம்ஜிஏ காரில் 73.02 மி.மீ., 1959இல் 75.4, 1961இல் 76.2, 1962இன் எம்ஜிபி காரில் 80.26. கொள்ளளவும் 1489, 1588, 1622, 1798 சி.சி. என ஏறியது.

இங்கே கணக்கு பேசுகிறது. 1489 சி.சி. எஞ்சினில் 8.3 விகிதத்துக்கு ஒரு சிலிண்டரில் எஞ்சும் இடம் 51 சி.சி. அதே 51 சி.சி.யை வைத்துக்கொண்டு துளையை மட்டும் 80.26 மி.மீ. ஆக்கியிருந்தால் விகிதம் 9.8ஐத் தொட்டிருக்கும். அத்தனை அமுக்கத்தில், தீ பரவி வருமுன்பே மூலையிலுள்ள கலவை தானாகப் பற்றி நாக்கிங் எழும். அன்றாட பெட்ரோல் அதற்கு ஈடுகொடுக்காது. ஆகவே எம்ஜிபியின் உயர் அமுக்க வடிவத்திலும் விகிதம் 8.8இல் நிறுத்தப்பட்டது, எஞ்சும் இடம் சுமார் 57.6 சி.சி. ஆயிற்று. உயர் அமுக்கப் பிஸ்டனின் தலைகூடத் தட்டையாக இல்லாமல் சற்றே குழிந்திருப்பதன் பொருள் இதுவே.

தாழ் அமுக்க வடிவத்தின் விகிதம் 8.0, எஞ்சும் இடம் 64.2 சி.சி. இரு வடிவங்களுக்கும் இடையே சிலிண்டருக்கு 6.6 சி.சி.தான் வேறுபாடு. தாழ் அமுக்கப் பிஸ்டனின் ஆழமான குழிவு இந்த இடத்தைத் தருகிறது.

மறுப்பு ஒன்று எழலாம்: 1970களில் அமெரிக்காவுக்குச் சென்ற எம்ஜிபிக்கள் தாழ் அமுக்கத்தால்தானே சோர்ந்தன? இலட்சிய ஓட்டோ (Otto) சுழற்சியின்படி 8.8 விகிதத்தில் வெப்பத் திறன் 58.1 விழுக்காடு, 8.0இல் 56.5. ஒன்றோடொன்று ஒப்பிட்டால் இழப்பு ஏறத்தாழ 3 விழுக்காடே. ஆனால் தொடக்கத்தில் 95 குதிரைத்திறன் என்று அறிவிக்கப்பட்ட கார், அமெரிக்காவில் 1975 முதல் 62.5 ஆகச் சுருங்கியது. அளவீட்டு முறை மாறியதற்கு ஒரு பங்கைக் கழித்தாலும் 3 விழுக்காடு இந்தச் சரிவை விளக்காது. இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்களின் இடத்தில் ஒற்றை ஸ்ட்ராம்பெர்க் வந்தது. புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் சேர்ந்தன. எஞ்சினின் மூச்சு அங்கேதான் முட்டியது. பழி மட்டும் பிஸ்டன்மேல் விழுந்தது.

அப்படியானால் எஞ்சின் எண்ணில் உயர் அமுக்கத்துக்கு ‘எச்’ என்றும் தாழ் அமுக்கத்துக்கு ‘எல்’ என்றும் பொறிக்கப்பட்ட எழுத்தின் மதிப்பு என்ன? அது பிறப்புச் சான்றிதழ். இன்றைய உடல்நிலையைச் சொல்லாது. தேய்ந்த சிலிண்டரை 1.016 மி.மீ. கூடுதலாகத் துளைத்து, எஞ்சும் இடத்தை மாற்றாமல் பிஸ்டன் போட்டால் 8.8 விகிதம் 9.0 ஆகிவிடும். சிலிண்டர் ஹெட்டை இழைத்தால் இன்னும் ஏறும். ‘எல்’ எஞ்சினில் உயர் அமுக்கப் பிஸ்டன் ஏறியிருந்தால் எழுத்தே பொய்யாகும்.

எனவே பழைய எஞ்சினின் அமுக்க விகிதத்தை எஞ்சின் எண் தகட்டிலிருந்து எழுதிக்கொள்வது ஆய்வாகாது. ஹெட்டின் அறையையும் பிஸ்டனின் குழிவையும் பியூரெட்டில் திரவம் ஊற்றி அளந்து, கேஸ்கெட்டின் தடிமனையும் பிஸ்டன் உச்சிக்கு மேலுள்ள இடைவெளியையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே அந்த எண்ணை எழுத வேண்டும்.