டுரியானுக்கும் வௌவாலுக்கும் என்ன சம்பந்தம்? காடு போடும் சாப்பாடு

உங்கள் பாட்டி ஈப்போ பக்கம் ஏதாவது ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவரா? அப்படியென்றால் ஜப்பான்காரன் காலத்துக் கதை ஒன்றாவது கேட்டிருப்பீங்க. 1942 முதல் 1945 வரை வெளியிலிருந்து அரிசி வருவது குறைந்துபோனது. மரவள்ளிக்கிழங்குதான் சோறு. ஓடைக்கரையில் பறித்த கீரைதான் கறி. 'உணவுப் பாதுகாப்பு' என்ற சொல் தெரியாவிட்டாலும் அதன் அர்த்தம் அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

இப்போ பசாருக்குப் போனால் எல்லாம் கிடைக்குதே, காடு எதற்கு என்று கேட்கலாம். தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறும் சாலையோரம் ஓராங் அஸ்லி மக்கள் விற்கும் பெத்தாய், காட்டுத்தேன், மூங்கில் குருத்தைப் பார்த்திருப்பீங்க. அவர்களுக்கு அது வருமானம் மட்டுமில்லை, வீட்டுச் சாப்பாடும்தான். சோறு வயிற்றை நிரப்பும். இரும்புச்சத்து, வைட்டமின், புரதத்துக்குக் கீரையும் மீனும் வேண்டும்.

காட்டுப் பக்கமே போகாத உங்கள் தட்டிலும் காடு இருக்கிறது. டுரியான் பூ மாலையில் விரியும். ராத்திரியில் மகரந்தம் சேர வேண்டும். அந்த வேலையில் பெரிய பங்கு தேன் குடிக்கும் ஒரு சிறு வௌவாலுக்கு. பெத்தாய்க்கும் அதே ஆள்தான்! குகையில் கூட்டமாகத் தங்கி, ஒரே இரவில் 30 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து போய் சாப்பிட்டுத் திரும்பும். டுரியான் பூப்பது சில வாரங்கள்தான். மற்ற நாட்களில் அது காட்டு மரங்களையும், சதுப்புநிலக் காட்டில் பூக்கும் பெரெம்பாங் மரத்தையும் நம்பியிருக்கிறது. ஆக, குகையை மட்டும் காப்பாற்றினால் போதாது. குகைக்கே ஆபத்து என்பது வேறு விஷயம்: கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் மலைகளைச் சிமெண்டுக்கும் பளிங்குக்கும் உடைக்கிறார்கள்.

கோலா செப்பெத்தாங்கில் மீ ஊடாங் சாப்பிட்டதுண்டா? சுமார் 40,000 ஹெக்டர் பரப்புள்ள மாத்தாங் சதுப்புநிலக் காட்டின் வேர்களுக்கு இடையில்தான் இறாலும் மீன்குஞ்சும் வளர்கின்றன. கொஞ்சம் வடக்கே போனால் கிரியான் வயல்கள். 1906-இல் கட்டி முடித்த புக்கிட் மேரா அணைதான் அவற்றுக்குத் தண்ணீர் தருகிறது. அணைக்கு வரும் குராவ் ஆற்றின் நீர்ப்பிடிப்பு மலைகளில் மரம் போனால், மழை பெய்யும்போது வெள்ளமும் சேறும் வரும், வெயில் காலத்தில் தண்ணீர் குறையும்.

சரி, ரப்பர் தோட்டம் காடா? ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய அமைப்பான எஃப்ஏஓ கணக்கில் ரப்பர் தோட்டம் காடுதான். செம்பனைத் தோட்டம் இல்லை. பேராக்கில் பல ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் தாமானாகவும் மாறிவிட்டன. பாட்டி கீரை பறித்த அந்த ஓடை இப்போது எங்கே என்று அடுத்த முறை அவரிடமே கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் சிமெண்ட் கால்வாயைக் காட்டுவார்.