கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகமும் எல்லைப்புற நடுகற்களும்: இடமும் ஆவணமும்

திறவுச்சொற்கள்: நடுகல், அருங்காட்சியகம், கிருஷ்ணகிரி, ஓசூர், ஆவணப்படுத்தல்

முன்னுரை

தமிழகத்தின் வடமேற்கில் கருநாடகத்தையும் ஆந்திரத்தையும் ஒட்டி அமைந்துள்ள கிருஷ்ணகிரி மாவட்டம் நடுகற்கள் செறிந்த நிலப்பகுதியாகும். இங்குள்ள அரசு அருங்காட்சியகம், இப்பகுதி தருமபுரி மாவட்டத்தோடு இணைந்திருந்த 1993இல் தொடங்கப்பெற்றது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். வயல்வெளியில் நின்ற நடுகல் காட்சிக்கூடத்திற்கு வரும்போது எதனைப் பெறுகிறது, எதனை இழக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நடுகல்லும் நிலமும்

தொல்காப்பியப் புறத்திணையியல், நடுகல் எடுக்கும் மரபை ஆறு நிலைகளாக வகுத்துக் கூறுகிறது. கல்லை நடுதல் அவற்றுள் ஒன்று. எனவே நட்ட இடம் என்பது நடுகல்லின் இலக்கணத்திலேயே அடங்கியது. கல்வெட்டுப் பொறிப்புகளும் இதனை உறுதிப்படுத்துகின்றன. அரசனின் ஆட்சியாண்டு, பகுதித் தலைவன், ஊர், இறந்த வீரன், இறந்த காரணம் ஆகியவற்றை அவை பெரும்பாலும் குறிப்பிடுகின்றன. ஆநிரை மீட்டு இறந்தவர், புலியோடு பொருது இறந்தவர், பன்றியைக் குத்தி இறந்தவர் எனக் காரணங்கள் வேறுபடும். கங்கர், நுளம்பர், சோழர், போசளர் ஆட்சிகள் மாறிமாறி நிலவிய இப்பகுதியில் தமிழும் கன்னடமும் பொறிப்பு மொழிகளாக வழங்கியுள்ளன. இரு மாநில எல்லை என்னும் இன்றைய பகுப்பு இக்கற்களுக்குப் பொருந்தாது. பல ஊர்களில் இவை வேடியப்பன் என்னும் பெயரில் இன்றும் வழிபடப்பெறுகின்றன.

சட்டமும் தொகுப்பும்

மண்ணுள் மறைந்து கிடந்து வெளிப்படும் பொருள்கள் 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்கப்பட வேண்டியவை. அரசு அருங்காட்சியகங்களுக்குச் செப்புத் திருமேனிகளும் காசுகளும் இவ்வழியே வருகின்றன. நடுகல்லோ மறைந்திருப்பதன்று, அனைவரும் காண வெளியில் நிற்பது. 1966ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொல்லியல் சட்டம், பாதுகாக்கப்பட்டவை என அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்கே முழுக் காப்பளிக்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் வணிகத்தையும் ஏற்றுமதியையும் பதிவையும் ஒழுங்குபடுத்துகிறது. அறிவிக்கை பெறாமல் வரப்பில் நிற்கும் கல்லுக்கு ஊராரின் வழிபாடே நடைமுறைக் காவலாக உள்ளது.

தொழில்வளர்ச்சியும் இடப்பெயர்வும்

1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை உருவானது. பெங்களூரின் அண்மையும் நெடுஞ்சாலை வசதியும் அதன் விரிவுக்குத் துணைநின்றன. விளைநிலம் ஆலையாகவும் மனையாகவும் மாறும்போது வரப்பு மறைகிறது. ஊரார் இடம்பெயர்ந்தால் வழிபாடும் நிற்கிறது. இந்நிலையில் கல்லை அருங்காட்சியகத்திற்குக் கொணர்வது தவிர்க்கவியலாத மீட்பாகும். எனினும் கிடைத்த இடம் பதிவாகாவிடில் பொறிப்பில்லாத கல் வெறும் சிற்பமாகிவிடும். எப்பகுதியினர், எவ்வழியில் நிரை கவர்ந்தனர் என்னும் வினாக்களுக்கு விடைகாண இயலாது.

சூழல் பதிவின் பயனை இம்மாவட்டத்து மயிலாடும்பாறை உணர்த்துகிறது. அங்கு இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 2172 என 2022இல் அறிவிக்கப்பட்டது. மாதிரி எடுக்கப்பட்ட மண்ணடுக்கு முறையாகப் பதிவு செய்யப்படாதிருந்தால் அக்காலக் கணிப்புக்குப் பொருள் இருந்திராது.

அருங்காட்சியகம் ஆற்றத்தக்க பணி

அண்டைப் பகுதிக்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1972இல் இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ தொகுதி, கற்களை ஊர்வாரியாக அறிய வழிசெய்தது. அம்முறையைப் பின்பற்றிக் காட்சிக்கூடத்துக் கல் ஒவ்வொன்றுடனும் ஊர்ப்பெயர், நின்ற திசை, அருகிருந்த ஏரி அல்லது வழி, வழிபாட்டுப் பெயர் ஆகியவற்றைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் எழுதி வைக்கலாம். பள்ளி மாணவர்க்கான நிகழ்ச்சிகளைக் கூடத்தோடு நிறுத்தாமல், அவரவர் ஊரில் நிற்கும் கற்களைப் பதிவுசெய்யும் பயிற்சியாகவும் விரிக்கலாம்.

முடிவுரை

வழிபாடு தொடரும் இடத்தில் கல் அங்கேயே நிற்பதும், நிலம் மாறும் இடத்தில் முழுமையான பதிவுடன் அருங்காட்சியகம் சேர்வதும் ஏற்புடையன. பதிவின்றி இடம்பெயரும் கல் அழிவினின்று தப்பினாலும் வரலாற்றுச் சான்றாகும் தகுதியில் பெரும்பகுதியை இழக்கிறது. ஆகவே எல்லைப்புற அருங்காட்சியகத்தின் தலையாய தொகுப்பு, கற்களோடு அவை நின்ற இடங்களைப் பற்றிய ஆவணமும் ஆகும்.