வாக்கியமும் சேஷமும்: யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கக் கணிதம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே, வட்டுக்கோட்டையை அடுத்த அராலியிலே, 1667 ஆம் ஆண்டளவில் இராமலிங்க முனிவர் வாக்கிய பஞ்சாங்கம் கணித்தார் என்பது வழிவழியாக வந்த செய்தி. அந்த மரபில் திதியும் நட்சத்திரமும் கிரகணமும் கணித்து ஊராருக்கு அறிவித்துவந்த சாஸ்திரிமார், இன்று மாணாக்கர் கணினிச் செய்நிரலாக்கத்தின் தொடக்கத்தில் கற்கும் சார்பினையும், தன்னைத்தானே அழைக்கும் சார்பினையும், அவற்றுக்கு அப்பெயர்கள் ஏற்படுமுன்னரே கையாண்டவர்களாவர்.

சந்திரனுடைய கதி ஒரே சீரானதன்று. ஏறத்தாழ இருபத்தேழரை நாளுக்கொரு முறை அதன் வேகம் ஏறி இறங்கும். அத்தகைய ஒன்பது சுற்றுக்கள் 248 நாளில் நிறைவுறுதலால், ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக 248 வாக்கியங்களை, எழுத்துக்களே எண்களாக நின்று சந்திரன் கடந்த தூரத்தைக் கூறும்படி முன்னோர் யாத்துவைத்தனர். வரருசியின் பெயரால் வழங்கும் அவ்வாக்கியங்களை மனனஞ் செய்தவருக்கு, நாளின் எண்ணைச் சொன்னமாத்திரத்தில் சந்திரனின் நிலை கிட்டும். ஓர் எண்ணைப் பெற்று ஓர் எண்ணைத் தருவதே சார்பின் இலக்கணம்.

ஆனால் கலியுகந் தொடங்கிச் சென்ற நாட்களோ பல இலட்சம். அவற்றுக்கு விடை காணும் வழி, வினாவைச் சிறிதாக்கி அதே வினாவை மீண்டும் கேட்பதாகும்; தன்னைத்தானே அழைக்கும் சார்பு என்பது இதுவே. 1829 மார்ச் 20 ஆந் திகதிக்குரிய கலிநாள் 18,00,701. அதில், கணிப்பின் தொடக்கமாக மரபிற் கொண்ட நாளாகிய 16,00,984 ஐக் கழிக்க 1,99,717 எஞ்சும். அதனை முதல் வகுஎண்ணாகிய 12,372 ஆல் வகுக்க மீதியாகிய சேஷம் 1,765. அது அடுத்த வகுஎண்ணாகிய 3,031 க்குக் குறைந்ததாதலால், அதனை விடுத்து 248 ஆல் வகுக்கச் சேஷம் 29. இருபத்தொன்பதாம் வாக்கியத்தோடு வினா முடிகிறது. கழித்த சுற்றுக்களில் சந்திரன் கடந்த தூரத்துக்குரிய அளவுகளாகிய துருவங்களை அதனோடு கூட்டியவுடன் விடை பிறக்கிறது. பெரியது சிறியதைக்கொண்டு அமையும் இயல்பு அவ்வகுஎண்களுள்ளும் உண்டு: 3,031 ஐ நான்கு மடங்காக்கி 248 ஐக் கூட்டினால் 12,372 ஆதல் காண்க.

அந்த மார்ச் 20 ஆந் திகதி சந்திரகிரகணம் நிகழ்ந்த நாள். அராலி விசுவநாத சாஸ்திரியார் கணித்த நேரத்துக்கும், 1823 இல் நிறுவப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியில் டானியல் பூவர் பாதிரியார் ஐரோப்பிய முறையிற் கணித்த நேரத்துக்கும் வேற்றுமை காணப்பட, அது குடாநாடெங்கும் வாதப்பொருளாயிற்று. வழு சாஸ்திரியாரின் விடையில் இருந்தபோதிலும், அவர் முறையில் படிகளின் ஒழுங்கு குலையவில்லை. பண்டைக்காலத்து அளவுகளிலும் அவற்றைத் தாங்கிய கோட்பாட்டிலும் இருந்த குறையே, வகுத்தலாலும் கூட்டலாலும் சிறிதும் திருத்தப்படாமல், விடைவரை வந்து சேர்ந்தது.

பூவருக்குப் பின் செமினரித் தலைவரான ஹொய்சிங்டன், உள்ளமுடையான் என்னும் சோதிட நூலை ஆங்கில மொழிபெயர்ப்போடும் விளக்கங்களோடும் 1848 இல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். அச்செமினரியில் பயின்ற கறோல் விசுவநாதபிள்ளை 1855 இல் தமிழில் வீசகணிதம் இயற்றினார். மனனஞ் செய்த முறையை அதன் காரணத்தோடு ஆராய்ந்தறியும் கல்வி இவ்வாறு ஊன்றியது. தன்னைத்தானே அழைக்கும் சார்பு, தன் முடிவிடத்திலுள்ள உண்மையைப் போலவே வழுவையும் வழுவாது மேலே கொண்டுவரும் இயல்பினதாதலால், அதனைக் கற்போர் முதற்கண் ஆராயவேண்டுவது, இறுதியில் நிற்கும் அந்த வாக்கியத்தையேயாம்.