எளிமையும் இன்மையும்: கரவெட்டியிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அரசர் பெயர்களாலும் போர்களாலும் மாத்திரம் அறிதல் நிறைவுடையதாகாது. அச்சமுதாயத்து மக்கள் தம் வீட்டினுள் எவற்றை வைத்திருந்தனர், எவற்றை வேண்டாவென ஒதுக்கினர் என்பதும் வரலாறேயாம். வேண்டாப் பொருள்களைக் களைந்து எளிமையாக வாழ்தல் வேண்டும் என்னும் கருத்து இன்று உலகின் பல பாகங்களிலும் பேசப்படுகின்றது. செல்வம் மிகுந்த நாடுகளில் பொருள்கள் பெருகி வீட்டை அடைத்துக்கொண்டமையால் வலுப்பெற்ற கருத்து அது. அக்கருத்தை மனத்திற்கொண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சிப் பகுதியிலுள்ள கரவெட்டி போன்றதோர் ஊரின் பழைய வாழ்க்கையை நோக்குவார்க்கு, எளிமை என்று ஒரே பெயரால் வழங்குவன உண்மையில் இரண்டு என்பது புலனாகும். ஒன்று விரும்பி மேற்கொள்ளும் எளிமை. மற்றொன்று பிறரால் சுமத்தப்படும் இன்மை. இவ்விரண்டும் வெளித்தோற்றத்தில் ஒத்தன. உள்ளியல்பில் முற்றும் மாறுபட்டன.

முற்காலத்துக் கரவெட்டி வீடு மண்சுவரும் பனையோலைக் கூரையும் உடையது. திண்ணையும் நிலமும் சாணத்தால் மெழுகப்பட்டன. வீட்டுப் பொருள்களுட் பெரும்பாலான பனை தந்தவையே. கடகம், பெட்டி, சுளகு, நீத்துப்பெட்டி, உமல், பாய், பானையை நிறுத்தும் திருகணி, கூழ் குடிக்கும் பிளா, வெற்றிலையும் சில்லறையும் வைக்கும் கொட்டைப்பெட்டி என இவற்றின் பெயர்கள் நீளும். இப்பொருள்களுக்கு ஒரு சிறப்பியல்பு உண்டு. இவை நெடுங்காலம் நில்லா. பாய் கிழியும், கடகம் பொத்தலாகும், கூரையும் வேலியும் காலந்தோறும் புதிய ஓலையால் வேயப்படும். கழிந்த ஓலை தோட்டத்து மண்ணில் தாழ்க்கப்பட்டுப் புகையிலைக்கும் காய்கறிக்கும் பசளையாயிற்று. ஆகவே பழையதைச் சேர்த்துவைக்க இடமும் இல்லை, தேவையும் இல்லை. வீட்டைவிட்டு நீங்கிய பொருள் மறு பருவத்தில் உணவாய் மீண்டது. துறவு என்று எவரும் பெயரிடாத ஓர் ஒழுங்கு அங்கே இயல்பாக நடைபெற்றது.

அவ்வொழுங்கு மாறத் தொடங்கியமைக்கு யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியே சான்று பகர்கின்றது. பாய், பெட்டி, உறி என்பன தமிழ்ச் சொற்கள். கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு, விறாந்தை, சப்பாத்து என்பனவோ போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. மேசையின் லாச்சி ஒல்லாந்தர் தந்த சொல். 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் கைப்பட்டது; 1658இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். அரசு மாறியபோது வீட்டுப் பொருள்களும் மாறின. பொருள்கள் தத்தம் பெயரோடே வந்து சேர்ந்தன. நிலத்தில் இருந்த உடல் கதிரைக்கு உயர்ந்தது. உறியிலும் பெட்டியிலும் இருந்தவை அலுமாரிக்குட் புகுந்து பூட்டப்பட்டன. பூட்டிவைத்தற்குரிய பொருள் வந்த பின்னரே சேர்த்துவைத்தல் என்னும் பழக்கமும் வேரூன்றுதல் இயல்பு.

ஆயினும், சேர்க்கும் இயல்பை அந்நியர்மேல் முற்றாகச் சுமத்துதல் பொருந்தாது. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்த ஆட்சியின்போது கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரியால் தொகுக்கப்பெற்ற தேசவழமை, யாழ்ப்பாணத்தாரின் சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்துக் கூறுகின்றது. முன்னோர் வழி வந்தது முதுசம்; பெண்ணுக்குக் கொடுப்பது சீதனம்; கணவனும் மனைவியும் கூடி வாழும் காலத்தில் ஈட்டியது தேடியதேட்டம். ஒரு தலைமுறையின் தேட்டம் அடுத்த தலைமுறைக்கு முதுசமாகின்றது. வறண்ட நிலமும் கிணற்று நீருமே முதலாகக் கொண்ட மக்களுக்கு இது பேராசையன்று; பிள்ளைகளைக் காக்கும் அரண். எனினும் அரண் அளவிறந்து உயரும்போது சிறையாதலும் உண்டு. சீதனச் சுமையால் கலங்கிய குடும்பங்கள் இதனை நன்கறியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் ஆங்கிலங் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் பணிபுரிந்தனர். அவர்கள் அனுப்பிய பணத்தால் கல்வீடுகள் எழுந்தன. ஓய்வூதியத்தோடு மீண்டவர்கள் கொண்டுவந்த பெட்டகங்களும் நாற்காலிகளும் விறாந்தைகளை நிறைத்தன. பனையோலைப் பொருள்கள் அடுக்களைக்கும் மால்களுக்கும் ஒதுங்கின.

இந்நிலையிலேதான் 1924ஆம் ஆண்டில் ஹன்டி பேரின்பநாயகம் முதலான இளைஞர் மாணவர் காங்கிரசைத் தோற்றுவித்தனர். பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசு எனப் பெயர்பெற்ற அவ்வியக்கம் தேசிய உடையையும் சுதேச மொழிகளையும் ஆதரித்தது. சாதி வேற்றுமையை எதிர்த்தது. அவ்விளைஞரின் அழைப்பை ஏற்று 1927ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். கதர்ப் பணிக்கு நிதி திரட்டுதல் அவருடைய இலங்கைச் சுற்றுப்பயணத்தின் நோக்கங்களுள் ஒன்று. மேனாட்டு உடையும் கழுத்துப் பட்டியுமே கற்றார்க்கு அடையாளமென எண்ணப்பட்ட நாளில், கற்ற இளைஞர் வேட்டி உடுத்து மேடையேறியமை சிறிய செயலன்று.

இவ்வகை எளிமை மண்ணுக்குப் புதியதுமன்று. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் முருகப்பெருமானுக்கு ஆலிலைகளில் அமுது படைக்கும் வழக்கம் வடமராட்சியார் அனைவரும் அறிந்தது. கிளிநொச்சியில் நீர்ப்பாசனப் பகுதியிற் பண்டசாலைப் பொறுப்பாளராக இருந்த ஒருவர், அப்பதவியைத் துறந்து கொழும்புத்துறையில் ஒரு சிறு குடிலில் வாழ்ந்தார். அவரே யோகசுவாமிகள். 1964இல் சமாதியடையும் வரை அமைச்சரும் அறிஞரும் அக்குடிலை நாடிச் சென்றனர். பொருள்களைக் கணக்கெடுத்துக் காத்தலே தொழிலாக இருந்தவர், தமக்கென ஒன்றும் சேர்க்காமை குறிப்பிடத்தக்கது.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. கழுத்துப் பட்டியைக் களைந்தவனிடம் அது முன்பு இருந்தது. பதவியைத் துறந்தவர் அதனை வகித்தவர். ஒருபோதும் வைத்திருக்க விடப்படாதவனுடைய நிலை யாது? யாழ்ப்பாணத்துச் சாதி வழக்கம் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நகையணிதலையும் மேலாடை தரித்தலையும் குடைபிடித்தலையும் நீண்டகாலம் மறுத்திருந்தது. அவர்களுடைய குடில் சிறிதாயிருந்தது, பாத்திரங்கள் சிலவாயிருந்தன. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அதுவும் எளிய வாழ்வாகவே தோன்றும். ஆனால் அது தடுக்கப்பட்டதன் விளைவேயன்றி விடப்பட்டதன் விளைவன்று.

இவ்வேறுபாட்டை ஒரு பள்ளிக்கூட வாங்கு தெளிவாகக் காட்டும். உயர்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்கில் இருக்க, ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் நிலத்தில் இருந்து கற்ற பள்ளிகள் பல. 1930ஆம் ஆண்டையொட்டி, அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கவேண்டுமெனக் கல்விப் பகுதி பணித்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. வாலிபர் காங்கிரசார் சம ஆசனத்தின் பக்கமே நின்றனர். தமக்கு மேனாட்டு ஆடம்பரம் வேண்டாவென்ற அதே இளைஞர், பிறர் பிள்ளைக்கு வாங்கு வேண்டுமென்றனர். இதில் முரண்பாடில்லை, எளிமையின் முழுப்பொருளே இதுதான். தன்னிடமுள்ளதைக் குறைத்தல் ஒருவனுக்கு அறமாகலாம். பிறனுக்குரியதை மறுத்துவிட்டு அவனை எளியவன் எனப் புகழ்தல் ஒருநாளும் அறமாகாது. கரவெட்டிப் பகுதியிலே சூரன் அவர்கள் தோற்றுவித்த தேவரையாளிப் பாடசாலை, நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளைகள் தலைநிமிர்ந்து கற்பதற்கென எழுந்தது. வாங்கும் மேசையும் அங்கே ஆடம்பரமல்ல, மானம்.

இன்மை இன்னொரு முறை, இம்முறை சாதி பாராது, குடாநாடு முழுவதையும் சூழ்ந்தது. 1987ஆம் ஆண்டு மே மாதத்தில் வடமராட்சியில் நடைபெற்ற படை நடவடிக்கையில் மக்கள் வீடுகளைக் கைவிட்டோடினர். 1990ஆம் ஆண்டின் பின் மின்சாரம் அற்றது; பொருளாதாரத் தடையால் எரிபொருளும் சவர்க்காரமும் அரியவாயின. பழைய ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு ஏற்றிய விளக்கில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர். பனம்பழத்தால் உடுப்புத் தோய்க்கும் முன்னோர் வழக்கம் மீண்டது. 1995ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் புறப்பட்டுத் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்தபோது, கையிற் கொண்டுவந்தவை சிலவே. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ், தாலி, ஒரு மாற்றுடுப்பு. அலுமாரிகள் பூட்டியபடியே விடப்பட்டன. எது இன்றியமையாதது என்பதை அவ்விரவு எல்லார்க்கும் கற்பித்தது. ஆயினும் அப்பாடத்தைப் போற்றி அவ்விரவைப் போற்றுதல் தகாது. அம்மக்கள் எதனையும் துறக்கவில்லை, இழந்தனர்.

இழந்தவர் மீண்டும் சேர்க்க முற்படுதல் மனித இயல்பு. இன்று புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணத்தால் பெரிய வீடுகள் எழுகின்றன. அவற்றுட் சிலவற்றில் பொருள்கள் நிறைந்திருக்க ஆட்கள் இல்லை. சிலவற்றில் முதியவர் ஒருவர் மாத்திரம் திறப்புக் கோவையைக் காத்திருக்கின்றார். இவர்களை நோக்கிப் பேராசை என இகழ்தல் எளிது. ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருமுறை ஓடியவனுக்கு, எறியாமல் வைத்திருக்கும் பழைய துவிச்சக்கர வண்டியும் வெற்றுப் போத்தலும் குப்பையல்ல, அச்சத்தின் அடையாளம். அச்சம் நீங்கிய பின்னரே பிடி தளரும்.

ஆதலின் எளிமையைப் போதிக்க விரும்புவோர் முதலில் கேட்கவேண்டிய வினா, ‘உன்னிடம் எவ்வளவு உண்டு?’ என்பதன்று, ‘நீ விரும்பின் வைத்திருக்கலாமா?’ என்பதே. வைத்திருக்கும் உரிமையும் நாளை பற்றிய நம்பிக்கையும் எல்லார்க்கும் உண்டாகும் நாட்டில்தான் விடுதல் என்பது விடுதலையாகும். அவ்வுரிமையைப் பிறர்க்கு உறுதிசெய்து, தம் தேவையைத் தாமே அளந்து குறைத்துக்கொள்ளும் மாணவர் பரம்பரை தோன்றுமாயின், ஓலையை மண்ணுக்கே மீளக் கொடுத்த முன்னோரின் ஒழுங்கு புதிய பொருளோடு இம்மண்ணில் மீண்டும் தழைக்கும்.