ஊர் தேர்ந்த வரலாறு: பல்லாவரமும் தாம்பரமும்

பிறந்த ஊர் ஒருவர்க்குத் தானே வாய்ப்பது. குடிபுகும் ஊரோ அவர் ஆராய்ந்து கொள்வது. பிழைப்பை நாடியும் கல்வியை நாடியும் சென்னைக்கு வந்தோர், மாநகரின் எப்பகுதியில் குடியேறுவது என்று ஆராய்ந்த ஆராய்ச்சிக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. வாடகை எவ்வளவு, கிணற்று நீர் உவர்ப்பா நன்னீரா, இரயிலடி எவ்வளவு தொலைவு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்னும் வினாக்களுக்கு விடை தேடித் தெற்கு நோக்கி வந்தவர்களே பல்லாவரத்தையும் குரோம்பேட்டையையும் தாம்பரத்தையும் இன்றைய நிலைக்கு வளர்த்தனர். அவ்வாறு வந்தோருள் ஒரு தமிழறிஞரும் ஒரு கல்லூரியும் செய்த தேர்வு தமிழன்பர் நினைவில் வைக்கத்தக்கது. அவ்விரண்டையும், அவற்றின்பின் வந்த பல்லாயிரம் குடும்பங்களின் தேர்வையும் ஒருசேர வைத்து நோக்கினால், ஊர் தேர்தல் என்பது எத்துணைப் பொறுப்பு வாய்ந்த செயல் என்பது விளங்கும்.

தொன்மை

இத்தென்புறம் நேற்று முளைத்த புறநகர் அன்று. 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பார் பல்லாவரத்தில் சரளைக்கல் வெட்டிய குழியொன்றில் கல்லாலான கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்திய மண்ணில் பழைய கற்காலக் கருவி அறியப்பட்டதற்கு அதுவே தொடக்கம். கருவிக்கு உகந்த கல்லும் பருக நீரும் கிடைத்த இடத்தைத் தொல்மாந்தர் நாடினர் என்று கொள்வதில் பிழையில்லை. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் இதே ஊர்க் குன்றைக் குடைந்து, தன் விருதுப் பெயர்களைப் பொறித்து வைத்தான். அக்குடைவரை பிற்காலத்தில் இசுலாமியர் வழிபடும் இடமாயிற்று. அண்மையிலுள்ள திருநீர்மலை ஆழ்வார்களால் பாடப் பெற்ற பதி. மாடம்பாக்கத்துத் தேனுபுரீசுவரர் திருக்கோயில் சோழர் காலத்தது. ஆங்கிலேயரும் பல்லாவரத்தில் பாசறை அமைத்தனர்.

நிலத்தின் இயல்பையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். பல்லாவரத்தில் குன்று, சேலையூரில் முட்புதர்க் காடு, சிட்லபாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் ஆகிய ஊர்களில் ஏரியும் அதன் கீழ் வயலும், இவற்றுக்குக் கிழக்கே சிறிது தொலைவில் கடற்கரை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என நான்கையும் ஒரு நாள் நடையில் கண்டுவிடத்தக்க நிலம் இது. ஆறு பாயாத இடங்களில் மழை நீரை ஏரியில் தேக்கி, ஓர் ஏரி நிறைந்தபின் அதன் உபரி நீர் கலங்கல் வழியே அடுத்த ஏரியை அடையுமாறு முன்னோர் அமைத்திருந்தனர். கிழக்கே வழிந்த நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும், மேற்கே வழிந்த நீர் அடையாற்றையும் சென்று சேர்ந்தது. மேட்டில் நத்தம், தாழ்வில் வயல், இடையில் கால்வாய் என்பதே பழைய ஊரமைப்பு. எங்கே வீடு கட்டலாம், எங்கே கட்டலாகாது என்பதை அவ்வமைப்பே சொல்லிற்று.

தமிழறிஞர் தேர்ந்த பல்லாவரம்

நாகப்பட்டினத்தில் 1876-இல் பிறந்த வேதாசலம் என்னும் இளைஞர், 1898-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். பரிதிமாற் கலைஞர் அங்குத் தமிழ்ப் பணி புரிந்துவந்த காலம் அது. கல்லூரி அந்நாளில் உயர்நீதிமன்றத்துக்கு எதிரே, வணிகமும் வண்டிகளும் நெருங்கிய ஜார்ஜ் டவுனில் இருந்தது. பின்னர்ப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் தமிழுக்கிருந்த கட்டாய இடம் குறைந்தது. கல்லூரிகளில் தமிழாசிரியர் பணியும் சுருங்கிற்று. 1911-இல் அவர் அப்பணியை விடுத்துப் பல்லாவரத்தில் குடியேறினார். துறவு மேற்கொண்டதும் அதே ஆண்டில்தான். பின்னாளில் மறைமலையடிகள் எனத் தமிழுலகம் போற்றியது இவரையே.

திங்கள்தோறும் வந்த ஊதியம் நின்றது. மனைவியும் மக்களும் உடையவர், நகரின் மையத்தை விட்டு ஒரு சிற்றூருக்குச் சென்றது உலகியல் நோக்கில் துணிவான செயலேயாம். ஆயின் அவர் தேர்ந்த இடம் எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பல்லாவரம் அமைதியான ஊர். ஆயினும் துண்டுபட்ட ஊர் அன்று. இருப்புப்பாதை அதன் வழியே சென்றது. சொற்பொழிவுக்கு அழைப்பு வந்தால் வண்டியேறிச் சென்னைக்கோ தென்மாவட்டங்களுக்கோ இலங்கைக்கோ செல்லலாம். திரும்பி வந்தால் எழுதுவதற்கு ஏற்ற அமைதி உண்டு. நூல் பெருகப் பெருக வைப்பதற்கு இடமும் உண்டு. தனிமையும் தொடர்பும் ஒருங்கே வாய்த்த இடம் எழுத்தாளர்க்கு எளிதில் அமைவதன்று.

அவ்விடத்தை அவர் வெறும் உறைவிடமாகக் கொள்ளவில்லை. சமரச சன்மார்க்க நிலையத்தை அங்கே நிறுவினார். பின்னர் அது பொதுநிலைக் கழகம் எனப் பெயர் பெற்றது. திருமுருகன் அச்சுக்கூடம் அங்கே இயங்கியது. அவர்தம் நூல்கள் பல்லாவரம் என்னும் முகவரியைத் தாங்கித் தமிழ்நாடெங்கும் சென்றன. 1916-இல் தனித்தமிழ் இயக்கம் முளைத்ததும் அவ்வூரில்தான். மகள் நீலாம்பிகையும் அவ்வியக்கத்தில் பங்கு கொண்டு நூல்கள் இயற்றினார். ஆயிரக்கணக்கில் அடிகள் அரிதின் தொகுத்த நூல்கள், அவர்தம் விருப்பப்படியே பொதுமக்களுக்கு உரியவாயின. 1958-இல் சென்னை இலிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூல் நிலையம் அமைந்தது. 1950-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மறையும் வரை, முப்பத்தொன்பது ஆண்டுகள் பல்லாவரமே அவர் ஊராக இருந்தது. நாகையில் பிறந்தவரைப் பல்லாவரத்து அடிகள் என்று தமிழர் எண்ணுமளவுக்கு அவ்வூரும் அவரும் ஒன்றாயினர்.

மின்வண்டியும் கல்லூரியும்

1931-ஆம் ஆண்டு தென்னிந்திய இரயில்வே, சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்வண்டியை ஓடவிட்டது. சுமார் 29 கிலோமீட்டர் நீண்ட அப்பாதை, ஊர் தேர்வோர் கணக்கையே மாற்றிற்று. அதுகாறும் அலுவலகத்துக்கு நடந்து செல்லும் தொலைவில் வீடு பார்த்தவர், இனி இரயிலடிக்கு நடந்து செல்லும் தொலைவில் வீடு பார்க்கலாயினர். கடற்கரை அருகே பணி புரியும் எழுத்தர் ஒருவர், நகரில் ஓர் ஒண்டுக்குடித்தனத்துக்குத் தரும் வாடகையில் தெற்கே கிணறும் தோட்டமும் உள்ள வீட்டை எண்ணிப் பார்க்க முடிந்தது. மீட்டர் பாதையில் ஓடிய அம்மின்வண்டி 2004 வரை ஓடியது. பின்னர் அகலப்பாதை அதன் இடத்தைக் கொண்டது.

இனி, கல்லூரியின் தேர்வு. 1837-இல் சிறு பள்ளியாகத் தொடங்கிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி, நூறாண்டு நிறைந்த 1937-இல் ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. நகர நெருக்கடியில் வளர இடமின்மையும், ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் உறைந்து பயில வேண்டும் என்னும் கருத்தும் அதற்குக் காரணங்கள். சேலையூர்க் காட்டில் ஏறத்தாழ 365 ஏக்கர் நிலம் அதற்கு வாய்த்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்னசும் அவர்தம் துணைவியார் ஆலிசும் அவ்வளாகத்தில் மரம் வளர்ப்பதைத் தம் வாழ்வின் பணியாகவே கொண்டனர். புதரைத் திருத்தி மரங்களை நட்டனர். இயல்பான காட்டையும் பெரிதும் விட்டுவைத்தனர். இன்றும் மானும் பறவையும் வாழும் காடாக அவ்வளாகம் விளங்குவதற்கு அவர்தம் உழைப்பே முதற்காரணம்.

இங்கே வரலாற்றின் விந்தையொன்று காணத்தக்கது. தமிழுக்கு இடம் சுருங்கிய கல்லூரியை விட்டு 1911-இல் தமிழாசிரியர் தெற்கே வந்தார். இருபத்தாறு ஆண்டுகள் சென்றபின் அதே கல்லூரி அதே இருப்புப்பாதையில், அவர் வாழ்ந்த ஊரைக் கடந்து மூன்றாம் நிலையத்தில் வந்து குடியேறிற்று. பல்லாவரத்துத் துறவியும் தாம்பரத்துக் கல்லூரியும் பதின்மூன்று ஆண்டுகள் அண்டை அயலாராக வாழ்ந்தனர்.

பின் வந்தோர்

இவ்விரண்டுக்கும் அப்பால், பிற நிறுவனங்களும் தத்தம் காரணம் பற்றி இப்பக்கம் வந்தன. தூய காற்றை நாடி 1928-இல் டாக்டர் சௌரிமுத்து காசநோய் மருத்துவமனையை அமைத்தார். சானடோரியம் என்னும் நிலையப் பெயர் அதனால் வந்தது. குரோம் தோல் பதனிடும் தொழிற்சாலையால் குரோம்பேட்டை என்னும் பெயர் பிறந்தது. 1984-இல் தாம்பரத்தில் ஏற்றுமதி மண்டலம் அமைந்தது. நகர நடுவிலிருந்த விலங்குக் காட்சிசாலையும் இடம் போதாமல் வண்டலூர்க் காட்டுக்குப் பெயர்ந்து, 1985-இல் அங்கே திறக்கப் பெற்றது. தனித்தமிழ் நெறியில் நின்ற பெருஞ்சித்திரனார் பெயரால் பாவலரேறு தமிழ்க்களம் மேடவாக்கத்தில் அமைந்தது, பல்லாவரத்து மரபு இப்பகுதியில் தொடர்ந்ததைக் காட்டும்.

விடுதலைக்குப் பின் வந்தவர்களோ பெரும்பாலும் நடுத்தரக் குடும்பத்தினர். ஆசிரியர், இரயில்வே ஊழியர், அரசு அலுவலர். வைப்புநிதிக் கடனும் மனைவியின் நகையும் சேர்த்து ஒரு மனை வாங்கியவர்கள். அவர்கள் கேட்ட கேள்விகள் நியாயமானவை: பட்டா உண்டா, வில்லங்கம் உண்டா, பேருந்து வருமா, மின்விளக்கு எப்போது வரும்? ஒரு கேள்வியை மட்டும் அவர்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்வாரும் இல்லை. இந்நிலம் முன்பு என்னவாக இருந்தது என்பதே அது.

வயல் மனையானபோது ஏரிக்கு ஆயக்கட்டு இல்லாமற் போயிற்று. ஆயக்கட்டு இல்லாத ஏரிக்கு மதகும் வேண்டாததாயிற்று. மதகு வேண்டாதபோது கால்வாயைத் தூர்வாருவாரும் இலர். பயன் மறைந்த கால்வாய் முதலில் குப்பைமேடாயிற்று, பின் தெருவாயிற்று, இறுதியில் வீட்டுமனையாயிற்று. நகரின் உள்ளேயும் இதுவே முன்பு நடந்தது. மாம்பலத்து நீண்ட ஏரி தியாகராய நகர் வளர்ந்தபோது மறைந்துபோனது. ஆனால் நீர் தன் வழியை மறப்பதில்லை. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையில், இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் படகில் வந்து மக்களை மீட்க நேர்ந்தது. வாழ்நாள் சேமிப்பால் கட்டிய வீட்டின் மாடியில் நின்று, கீழ்த்தளத்தில் அலமாரியும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் மிதப்பதைக் கண்டவர் பலர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தாழ்ந்த பகுதிகளில் வெள்ளம் மீண்டும் வந்தது.

இதற்காகக் குடியேறியோரைப் பழித்தல் தகாது. தேர்வு என்னும் சொல்லே எல்லார்க்கும் ஒரே பொருளில் பொருந்துவதன்று. மேட்டு நிலம் விலையேறியபின், தாழ்ந்த நிலமே எளியவர் கைக்கு எட்டிற்று. மலிவாகக் கிடைத்தது என்பதே அந்நிலம் விடுத்த எச்சரிக்கை. ஆனால் வேறு வழியற்றவர்க்கு எச்சரிக்கையால் என்ன பயன்? ஏரியின் வரலாற்றை அறிந்திருந்தும் அதை மனையாகப் பிரிக்க இசைந்தவரே விடை சொல்லக் கடமைப்பட்டவர்.

செய்யத்தக்கது

2021-இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலிய ஊர்கள் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. 2023 இறுதியில் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. 2022-இல் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் உலகளவில் காக்கத்தக்க ஈரநிலங்களின் வரிசையில் இடம்பெற்றது. ஒருபுறம் நகர் மேலும் தெற்கே நகர்கிறது; மறுபுறம் எஞ்சிய நீர்நிலையின் அருமை மெல்ல உணரப்படுகிறது. குடியேற வருவோர் வரிசையோ நின்றபாடில்லை.

மறைமலையடிகளும் பார்னசு இணையரும் சமயத்தாலும் மொழியாலும் நோக்காலும் வேறுபட்டவர்கள். எனினும் ஒன்றில் ஒத்தவர்கள். வந்த ஊரிலிருந்து பெற்றதோடு அமையாமல் அவ்வூருக்கு ஒன்றை ஈந்தார்கள். அவர் நூல்களைச் சேர்த்தார். இவர்கள் மரங்களை நட்டார்கள். ஊரைத் தேர்ந்த பின்னும் தேர்தல் முடிவதில்லை. அவ்வூருக்கு உரியவராக வாழ்வதா, வாடகைக்கு வந்தவராகவே வாழ்வதா என்பதையும் தேர்ந்தாக வேண்டும்.

இங்கே இலக்கிய வட்டங்களுக்கும் பாவலர்க்கும் ஒரு கடமை உண்டு. அவர்களுள் பெரும்பாலோர் வேற்றூரிலிருந்து வந்து இத்தென்புறத்தில் ஒன்று கூடியவர்களே. பிறந்த ஊரின் ஆற்றையும் ஆலமரத்தையும் பாடும் கவிஞர், தாம் வாழும் தெரு எந்த ஏரியின் ஆயக்கட்டு என்பதையும் அறிந்திருத்தல் நன்று. இரும்புலியூர், பீர்க்கன்காரணை, பெருங்களத்தூர், இராசகீழ்ப்பாக்கம், கோவிலம்பாக்கம் ஆகிய பெயர்கள் பேருந்துப் பலகைகளில் மட்டும் எஞ்சிவிடாமல் பாட்டிலும் கதையிலும் இடம்பெற வேண்டும். ஏரிக்கரையில் வாழ்ந்த முதியோரிடம் மதகின் பெயர், கலங்கலின் திசை, வாய்க்காலின் போக்கு ஆகியவற்றைக் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். நாளை ஒரு குடும்பம் தெற்கே வீடு தேடி வரும்போது, அவ்வெழுத்து அவர்களுக்கு மேட்டையும் பள்ளத்தையும் காட்டும்.